எலும்பு வளர இடம் வேண்டும்

(தூத்துக்குடி மாவட்டம் குளத்தூரில் ஊர்ப் பொதுமக்களும் பள்ளி மாணவர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மேசைமேல் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. இரண்டும் கோழிக்கால் எலும்பு. ஒன்று, பல நாள் வினிகரில் ஊறப்போட்டு எடுத்தது. மற்றது, அடுப்புத் தணலில் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை சுட்டு எடுத்தது. தம்பி, நீ எழுந்து வா. முதல் எலும்பை இரண்டு கையாலும் பிடித்து வளை. பயப்படாதே, ஒடியாது. பாருங்கள், வளைகிறது, விட்டால் நிமிர்ந்துகொள்கிறது. இப்போது இரண்டாவதை எடு. வடிவம் கொஞ்சமும் மாறவில்லை, பார்வைக்கு அதே எலும்புதான். கட்டைவிரலால் லேசாக அழுத்து. நொறுங்கிவிட்டது. சரி, போய் உட்கார்.

வினிகர் என்ன செய்தது? எலும்பிலிருந்த கால்சிய உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சி நிற்பது கொலாஜன் என்ற புரத நார். நெருப்பு அதற்கு நேர்மாறாகச் செய்தது. நாரை எரித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுவைத்தது. அந்த உப்புக்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்று பெயர். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு தாது அது. நம் எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தாது. மீதி, நாரும் நீரும். நார் மட்டும் இருந்தால் நிற்க முடியாது. உப்பு மட்டும் இருந்தால் முதல் தடுக்கலிலேயே உடைந்துவிடும். இரண்டும் நூலிழை நூலிழையாகக் கலந்திருப்பதால்தான் தலையில் விறகுக்கட்டோடு வரப்பில் நடக்க முடிகிறது.

ஆனால் இந்த மேசைமேல் இருப்பவை இரண்டுமே செத்த எலும்புகள். நான் பேச வந்தது உயிருள்ள எலும்பைப் பற்றி. உடம்புக்குள் இருக்கிற எலும்பு ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பை அரித்து எடுத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு வகைச் செல்கள் பின்னாலேயே வந்து அந்தக் குழியில் புது எலும்பை வைத்துக்கொண்டே போகும். வளர்ந்த ஆளின் எலும்புக்கூட்டில் வருஷத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்த எலும்பில் பெரும்பகுதி இன்று உங்களிடம் இல்லை.

இதனால்தான் எலும்பு முறிந்தால் கூடுகிறது. தோல் கிழிந்தால் தழும்போடு ஆறும். எலும்போ எலும்பாகவே ஆறுகிறது. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். பலரும் அந்த ரத்தக்கட்டைக் கெடுதல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் வைத்தியம் அங்கேதான் தொடங்குகிறது. செல்களைக் கூப்பிடும் செய்தியெல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடத்தில் குருத்தெலும்பு போல மெத்தென்ற ஒரு திரட்சி வரும். பிறகு அதில் உப்பு ஏறிக் கெட்டிப்படும். அதன் பிறகு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், அரிக்கும் செல்லும் கட்டும் செல்லும் சேர்ந்து அந்தத் திரட்சியைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். மாவுக்கட்டும் பிளேட்டும் உள்ளே விடும் கம்பியும் எலும்பை ஒட்டுவதில்லை. முனைகள் அசையாமல் பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். பெரும்பாலான முறிவுகளுக்கு இதுவே போதும். வேறு எந்தப் பொருளும் உள்ளே வைக்க வேண்டாம்.

அப்படியானால் எப்போது வேண்டும்? இடைவெளி விழும்போது. பைக்கில் போகிறவன்மேல் லாரி மோதி, முழங்காலுக்குக் கீழே எலும்பு துண்டு துண்டாகி, சில துண்டுகள் சாலையிலேயே போய்விடுகின்றன. அல்லது உள்ளே சீழ் வைத்து, செத்துப்போன எலும்பை டாக்டரே வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. அல்லது எலும்புக்குள் கட்டி வளர்ந்து, அதைச் சுரண்டி எடுத்த இடம் பொந்தாக நிற்கிறது. கை, கால் நீள எலும்பில் சுமார் 2 சென்டிமீட்டருக்கு மேல் துண்டே காணாமல் போய்விட்டால், இரண்டு பக்க முனைகளாலும் எட்டிப் பிடித்துக்கொள்ள முடியாது. நடுவில் நார்த்திசு புகுந்து அடைத்துக்கொள்ளும். எலும்பு வளரவேண்டிய இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டது என்று பொருள்.

நம் பக்கத்தில் இன்னொரு விதமும் உண்டு. வேம்பார், குளத்தூர் பக்கம் பனையேறுகிற குடும்பங்களுக்கு இது தெரியும். பனையிலிருந்து கால் ஊன்ற விழுந்தவர்களுக்குக் குதிங்கால் எலும்பு நசுங்கும். சிலருக்கு முழங்கால் மூட்டின் அடித்தட்டு உள்வாங்கிவிடும். டாக்டர் அறுவை செய்து அந்தத் தட்டை மேலே தூக்கிச் சமமாக்குகிறார். தூக்கிய உடனே அதற்குக் கீழே வெற்றிடம் உண்டாகிறது. உள்ளே இருந்த பஞ்சு போன்ற எலும்பு ஏற்கெனவே நசுங்கிப்போயிற்று. அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டால் ஆள் எழுந்து நடக்கும் நாளில் தட்டு மறுபடி இறங்கிவிடலாம். அங்கே எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். எதை வைப்பது என்பதுதான் நூறு வருஷத்துக்கு மேலான கேள்வி.

இன்றைக்கும் முதல் பதில், அந்த நோயாளியின் சொந்த எலும்புதான். இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து சுரண்டி எடுத்து, காணாமல் போன இடத்தில் வைப்பார்கள். அதற்கு இணையான பொருளை இதுவரை யாரும் செய்யவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் சொந்த எலும்பில் மூன்றும் இருக்கிறது: புது எலும்பு ஏறி வளர இடம், வளரச் சொல்லும் புரதங்கள், வளர்க்கும் உயிர்ச்செல்கள். ஆனால் எடுக்கக்கூடிய அளவு கொஞ்சம்தான். எடுத்த இடத்தில் இன்னொரு வெட்டுக்காயம். முறிந்த காலைவிட இடுப்பு வலிதான் பெரிசு என்று சொல்லும் நோயாளிகள் உண்டு. குழந்தைக்கும் வயதானவருக்கும் எடுக்க அதிகம் கிடைக்காது.

ஆகவே வெளியிலிருந்து ஒரு பொருள். இதற்கு முதலில் கை கொடுத்தது நம் உப்பளக்காரர்களுக்குத் தெரிந்த சரக்கு: ஜிப்சம். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளைவதற்கு முன்பே பாத்தியில் படிகிறதே, அதேதான். அதைச் சூடாக்கி நீரைப் பாதியளவுக்குமேல் வெளியேற்றினால் பாரிஸ் சாந்து, நம் மாவுக்கட்டு மாவு. 1892-ல் ஜெர்மனியில் டிரீஸ்மன் என்ற மருத்துவர், காசநோய் அரித்துப் பொந்தாக்கிய எலும்புகளுக்குள் இந்தச் சாந்தை வைத்து நிரப்பினார். சிலருக்குப் பொந்து மூடி எலும்பு வந்தது. கால்சியம் சல்பேட் இன்றும் உபயோகத்தில் இருக்கிறது, முக்கியமாகச் சீழ் வைத்த எலும்பில். மருந்தைக் கலந்து மணிமணியாக்கி வைத்தால், அது கரையக் கரைய மருந்து அந்த இடத்திலேயே இறங்கும். அதன் குறை, அவசரம். சில வாரங்களிலேயே கரைந்துவிடும். எலும்பு வந்து சேர்வதற்குள் இடம் காலியாகிவிடும்.

ஹைட்ராக்ஸிஅபடைட்டின் குறை இதற்கு மறுகோடி. கெட்டியாகச் சுட்டெடுத்த ஹைட்ராக்ஸிஅபடைட்டை உடம்பு எதிரியாகப் பார்ப்பதில்லை, எலும்பு அதோடு ஒட்டி வளர்கிறது. ஆனால் அது போகவே மாட்டேன் என்கிறது. வருஷங்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்தாலும் வெள்ளையாக அங்கேயே நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது டிரைகால்சியம் பாஸ்பேட். அது மாதக்கணக்கில் மெல்லக் கரைவது. 1920-லேயே அமெரிக்காவில் ஆல்பி என்ற எலும்பு மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். இன்று சந்தையில் இருக்கும் துகள்களில் பல, ஹைட்ராக்ஸிஅபடைட்டும் டிரைகால்சியம் பாஸ்பேட்டும் ஒரு கணக்கில் கலந்தவை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மாடித் தளம் போடும்போது சென்ட்ரிங் பலகை அடிக்கிறோம். கான்கிரீட் இறுகுமுன் பலகையைப் பிரித்தால் தளம் இறங்கும். இறுகிய பிறகும் பிரிக்காமல் வைத்திருந்தால் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது. எலும்பில் வைக்கும் பொருளும் அப்படித்தான். ஆனால் உள்ளே போய்ப் பிரிக்க ஆள் கிடையாது. எலும்பு ஏறுகிற வேகத்துக்கு அது தானே கரைந்து விலக வேண்டும். இந்தத் துறையில் இருக்கிற எல்லாருடைய தலைவலியும் இந்த வேகப் பொருத்தம்தான். நல்ல எலும்புப் பொருள் எது என்று என்னைக் கேட்டால், கடைசியில் காணாமல் போவது என்றுதான் சொல்வேன். இரும்புபோல் உறுதியாக நிற்பது நல்லது என்று நினைக்கிறோம்; இந்த வேலைக்கு அது பொருந்தாது.

இங்கே லாரி ஹென்ச் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் கண்ணாடியும் பீங்கானும் ஆராய்ந்தவர், மருத்துவர் அல்ல. 1967-ல் ஒரு கருத்தரங்குக்குப் பஸ்ஸில் போகும்போது பக்கத்து இருக்கையில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி. கதிர்வீச்சு தாங்கும் பொருள்களைப் பற்றி இவர் ஆர்வமாகச் சொல்ல, கால் கை போன சிப்பாய்களைப் பார்த்துவிட்டு வந்த அவர், உடம்பு ஒதுக்காத பொருள் ஒன்றைச் செய்ய முடியுமா என்று கேட்டாராம். ஹென்ச் ஊர் திரும்பி அதிலேயே இறங்கிவிட்டார். 1969-ல் ஒரு கண்ணாடி பிறந்தது. மணல் 45 பங்கு, மீதி சோடாவும் சுண்ணாம்பும் கொஞ்சம் பாஸ்பரஸும். எலியின் தொடை எலும்பில் வைத்துச் சில வாரம் கழித்து எடுக்கப் போனார்கள். கண்ணாடி எலும்போடு பிணைந்துபோய் வெளியே வரவில்லை. ஜன்னல் கண்ணாடியை உடம்பில் வைத்தால் உடம்பு அதைச் சுற்றி உறை போட்டு ஒதுக்கும். இந்தக் கண்ணாடியோ, ஈரம் பட்டதும் மேற்புறம் கரைந்து, அங்கே எலும்புத் தாது போன்ற ஒரு படலம் உண்டாகிறது. செல்கள் அதை எலும்பென்றே எடுத்துக்கொள்கின்றன. பயோகிளாஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அதற்கு முன்பே 1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற மருத்துவர் இன்னொரு வாசலைத் திறந்திருந்தார். உப்பை நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தார். எலும்பே இல்லாத இடத்தில் எலும்பு முளைத்தது. அதாவது, வளரச் சொல்லும் புரதம் அதற்குள் இருக்கிறது. அந்தப் புரதத்தைத் தனியே தயாரித்து 2002-ல் அமெரிக்காவில் முதுகெலும்பு அறுவைக்கு அனுமதி கொடுத்தார்கள். விலை பல ஆயிரம் டாலர். வேண்டாத இடத்திலும் எலும்பு வளர்ந்தது. கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியவர்களுக்கு வீக்கம் வந்து மூச்சை அடைத்தது என்று 2008-ல் அந்நாட்டு அரசே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. வலுவான மருந்து, வலுவான ஆபத்து. அதற்கு மேல் இன்றைக்கு அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இப்போது நம் கடலுக்கு வருவோம். இதோ, இது கணவாய் ஓடு. சித்த மருத்துவக் கடையில் கடல் நுரை என்பார்கள். கடற்கரையில் நடந்தால் காலில் இடறும். இதை இப்படி ஒடித்து, ஒடிந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் பாருங்கள். அடுக்கடுக்காகத் தட்டுகள் தெரிகின்றனவா? ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்குள்தான் இடைவெளி. அதைத் தாங்க மெல்லிய தூண்கள். இந்த ஓட்டில் பத்தில் ஒன்பது பங்கு வெற்றிடம். கணவாய் கடலில் ஏறவும் இறங்கவும் மிதவையாக வைத்திருக்கிற சாதனம் இது.

இந்த வெற்றிடம்தான் எலும்பு ஆராய்ச்சிக்காரர்களின் கண்ணில் பட்டது. ஏனென்றால் எலும்பு கெட்டியான கல்லுக்குள் நுழையாது. அது நுழைய ஓட்டைகள் வேண்டும். ஓட்டைகள் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்க வேண்டும். குறைந்தது 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலம். 300 மைக்ரானுக்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. எலும்புக்கு முன்னால் ரத்தக்குழாய் போக வேண்டுமே! ரத்தம் போகாத இடத்தில் எலும்பு போகாது. பொருளின் ரசாயனத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில் பாதி வேலையை ஓட்டைகள் செய்கின்றன.

கணவாய்க்கு முன்னால் அவர்கள் எடுத்துக்கொண்டது பவளப்பாறை. பவளப்பாறையிலும் இப்படி அளவான, தொடர்ச்சியான ஓட்டைகள். 1974-ல் அமெரிக்காவில் டெல்லா ராய் என்ற அம்மையாரும் சாரி லின்னகன் என்பவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பவளத்தைப் பாஸ்பேட் கரைசலில் போட்டு, அழுத்தத்தில் வேகவைத்தால், அதிலுள்ள சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாறிவிடுகிறது. ஓட்டைகளின் அமைப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. இது எலும்பு மருத்துவத்தில் விற்பனைக்கே வந்தது. இங்கே சென்னை ஆய்வாளர்கள் 1996-ல் இந்தியக் கடல் பவளத்திலிருந்து ஹைட்ராக்ஸிஅபடைட் செய்து காட்டினார்கள். பிறகு போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர்கள் கணவாய் ஓட்டையும் இதே முறையில் மாற்றினார்கள்.

பவளத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். வேம்பார் தீவுக்கூட்டம் நமக்குப் பக்கத்தில்தான். அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் வெட்டி எடுத்தோம். 21 தீவுகளில் இரண்டு, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும், கடலுக்குள் போய்விட்டன. 1986-ல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலிக்கும் யானைக்கும் இருக்கிற பாதுகாப்பு. பவளத்தை எடுப்பது இன்று சிறைக்குற்றம். மருத்துவத்துக்கு என்றாலும் எடுக்கக் கூடாது, எடுக்கவும் தேவையில்லை. எலும்புக்கு வேண்டிய கால்சியம் நம்மைச் சுற்றி எங்கும் கிடக்கிறது. கரிசலைத் தோண்டினால் சுக்கான் கல். அதுவும் கால்சியம் கார்பனேட்தான், முட்டை ஓடும் அதேதான். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சம்பத்குமாரும் உடன் பணியாற்றியவர்களும் 2007-ல் முட்டை ஓட்டிலிருந்து, மைக்ரோவேவ் சூட்டில், மிக நுண்ணிய ஹைட்ராக்ஸிஅபடைட் தூள் தயாரிக்கும் முறையை வெளியிட்டார்கள். நாமக்கல்லைச் சுற்றி எவ்வளவு ஓடு குப்பைக்குப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கேட்டுவிட்டு யாரும் கணவாய் ஓட்டை இடித்துக் காயத்தில் வைத்துவிடாதீர்கள். ஓட்டிலிருந்து மருத்துவப் பொருளுக்கு வர நெடுந்தூரம். சுத்தம், படிக அமைப்பு, ஈயம் போன்ற உலோகங்கள் இல்லை என்ற சோதனை, செல்களில் சோதனை, விலங்கில் சோதனை, கிருமி நீக்கம், மனிதரில் சோதனை என்று வருஷக்கணக்கில் போகும்.

அந்த நெடுந்தூரத்தை நம் பக்கத்திலேயே நடந்து காட்டிய இடம் ஒன்று இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். நம் ஊர்க்காரர்கள் பலரும் இதயத்துக்கும் மூளைக்கும் அங்கே போய்வந்தவர்கள். ஆஸ்பத்திரி ஒரு பக்கம். பூஜப்புரையில் அரச குடும்பம் கொடுத்த சாட்டல்மண்ட் அரண்மனையில் மருத்துவக் கருவிகளுக்கான ஆய்வுப் பிரிவு இன்னொரு பக்கம். 1980-ல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. டாக்டர் வலியத்தான் தலைமையில் அங்கே உருவான இதய வால்வு, 1990-ல் முதல் முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். அதே இடத்தில் உயிர்ப் பீங்கான்களுக்கென்று ஒரு ஆய்வகம் உண்டு, ஹரிகிருஷ்ண வர்மாவின் வழிகாட்டலில் வளர்ந்தது.

அங்கே நடந்த ஒரு ஆட்டுச் சோதனையை, ஆடு வளர்க்கிற நம் ஊரில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது! வெள்ளாட்டின் தொடை எலும்பில் நடுவே 2 சென்டிமீட்டர் துண்டை வெட்டி எடுத்தார்கள், தானே கூடவே முடியாத இடைவெளி. பிளேட் வைத்துப் பிடித்துக்கொண்டு, இடைவெளியில் ஓட்டைகள் உள்ள பீங்கான் துண்டை வைத்தார்கள். சில ஆடுகளுக்கு வெறும் ஹைட்ராக்ஸிஅபடைட். சில ஆடுகளுக்கு, அதன்மேல் மூன்று சரக்கும் கலந்த பூச்சு: ஹைட்ராக்ஸிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட், கால்சியம் சிலிகேட். நான்கு மாதம் கழித்துப் பார்த்தார்கள். வெறும் ஹைட்ராக்ஸிஅபடைட் எலும்போடு சேர்ந்திருந்தது, ஆனால் தான் கரையவில்லை. சிலிகேட் கலந்தது கரைய ஆரம்பித்திருந்தது. அது விட்ட இடத்தில் எலும்பு வந்திருந்தது. ஆட்டின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல்களை எடுத்து வளர்த்து அந்தப் பீங்கானில் ஏற்றி வைத்தபோது பலன் இன்னும் மேலாக இருந்தது. 2009-ல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

நாலுகால் பிராணி அறுவை முடிந்ததும் எழுந்து நிற்கும். ஓய்வெடு என்றால் கேட்காது. அந்த எடையைத் தாங்கிக்கொண்டு எலும்பு வந்தது என்பதால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. ஒரு எலியின் மண்டை ஓட்டில் சிறு துளை மூடியது என்பதை வைத்து மனிதன் காலுக்கு நம்பிக்கை சொல்ல முடியாது. பத்திரிகையில் புது எலும்பு மருந்து கண்டுபிடிப்பு என்று செய்தி வந்தால் முதலில் இதைத் தேடுங்கள்: எந்தப் பிராணியில், எவ்வளவு பெரிய இடைவெளியில், எத்தனை மாதம்.

இன்று நம் நாட்டிலேயே தயாராகும் எலும்புத் துகள்கள் சந்தையில் இருக்கின்றன. பல் வைத்தியத்தில்தான் புழக்கம் அதிகம். ஈறு நோயில் தேய்ந்த தாடை எலும்பிலும், பல் பிடுங்கிய குழியிலும், நீர்க்கட்டி எடுத்த பொந்திலும் வைக்கிறார்கள். எலும்பு அறுவையில், கிருமி நீக்கிய சீசாவிலிருந்து துகள்களைக் கிண்ணத்தில் கொட்டி, அந்த நோயாளியின் ரத்தத்தையே கொஞ்சம் விட்டுப் பிசைவார்கள். வெள்ளைத் துகள் சிவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு கரண்டியால் பொந்துக்குள் வைத்து மெல்ல அழுத்துவார்கள். ரொம்ப இறுக்கிவிடக் கூடாது. துகளுக்கும் துகளுக்கும் நடுவிலும் இடம் வேண்டும்.

இது எதற்கு ஆகாது என்பதையும் சொல்கிறேன். இந்தத் துகள் எடை தாங்காது. பிளேட்டும் கம்பியும் கூடவே வேண்டும். சீழ் இருக்கிற இடத்தில் சாதாரணத் துகளை வைத்தால் சீழ் அதில் குடியேறும். முதலில் இடம் சுத்தமாக வேண்டும். பிரான்சில் மஸ்க்லே என்ற மருத்துவர் அதற்கொரு அருமையான வழி சொன்னார். முதல் அறுவையில் அழுகியதை எல்லாம் எடுத்துவிட்டு எலும்புச் சிமெண்ட் கட்டியை வைத்துத் தோலை மூடிவிடுவது. ஆறு எட்டு வாரத்தில் உடம்பு அந்தச் சிமெண்டைச் சுற்றி ரத்த ஓட்டமுள்ள ஒரு சவ்வைப் பின்னியிருக்கும். இரண்டாம் அறுவையில் சிமெண்டை எடுத்துவிட்டு அந்தச் சவ்வுப் பைக்குள் எலும்பை நிரப்புவது. பெரிய இடைவெளியானால் இலிசாரவ் வளையம் மாட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் எலும்பையே நீட்டுவதும் உண்டு. சைபீரியாவில் குர்கான் ஊரில் தொடங்கிய முறை. அதில் எந்தப் பொருளும் வெளியிலிருந்து வைப்பதில்லை. இந்தக் காலைக் காப்பாற்றலாமா, எடுப்பதா என்ற கொடுமையான முடிவுக்கு உதவ, கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை 2006-ல் வெளியிட்ட மதிப்பெண் முறையை வெளிநாட்டு மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள்.

நாட்டுக்கட்டைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். தோல் கிழியாத, எலும்பு விலகாத முறிவு பல சமயம் எந்தக் கட்டிலும் கூடும், கூட்டுவது உடம்பு. அந்தக் கைத்திறன் உள்ள குடும்பங்களை நான் மதிக்கிறேன். ஆனால் கட்டு இறுகி, விரல் வீங்கி, கறுத்து, மரத்துப்போனால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது. எலும்பு வெளியே தெரிந்தால் கட்டுக்கே இடமில்லை. பிரண்டையை யாரும் பழிக்க வேண்டாம். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் உடுப்பாவும் பிரசாத்தும் 1960-களின் தொடக்கத்தில் விலங்குகளில் அதைச் சோதித்து, முறிவு சீக்கிரம் கூடுவதாக எழுதினார்கள். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூரிலும் பிரண்டைச் சாற்றை நுண்ணிழைகளில் கலந்து, எலும்புச் செல் அதில் வளர்கிறதா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் நம்பிக்கை தருகிற விஷயம்தான். வேலியில் இருக்கிற பிரண்டையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். சாலையில் சிதறிய காலுக்கு அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காயத்தில் காப்பித்தூள், மண், சாம்பல் எதுவும் வேண்டாம். கரிசல் மண் காயத்துக்குள் போனால் கழுவி எடுப்பது பெரும்பாடு. சுத்தமான துணியால் மூடி, காலை ஒரு கட்டையோடு அசையாமல் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்தில் காயத்தை முறையாகக் கழுவி மருந்து ஏற்றுவதுதான், பின்னால் எந்தப் பீங்கானும் வேண்டாம் என்ற நிலைக்குக் கொண்டுபோகும். சாலை விபத்தானால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் அதற்குத்தான். பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று யாராவது சொன்னால் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எலும்பு கூடுகிற காலத்தில் பீடி சிகரெட்டை விட்டுவிடுங்கள். புகை ரத்தக்குழாயைச் சுருக்கும். ரத்தம் போகாத இடத்தில் என்ன வைத்தாலும் எலும்பு வராது என்று ஏற்கெனவே சொன்னேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

விலைதான் என்னை வருத்துகிறது. சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் மலிவு. துகளாகி, கிருமி நீக்கி, சீசாவில் அடைபட்டு வரும்போது ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக்குத் தாங்காத விலையாகிவிடுகிறது. சித்திரை நிறுவனம் வால்வில் செய்ததை எலும்பிலும் செய்ய முடியும். அரசு ஆய்வகம் கண்டுபிடித்ததை அரசு மருத்துவமனைக்கு, தூத்துக்குடி மருத்துவக் கல்லூரிக்கும் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கும், அரசின் மருந்துக் கழகம் வழியாகவே கொடுக்கலாம். இதை நாம் கேட்க வேண்டும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் பேருந்து கேட்பதுபோல இதையும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு காகித விஷயம். நம் நாட்டில் எலும்புக்குள் வைக்கும் பிளேட், கம்பி, எலும்புச் சிமெண்ட் ஆகியவை 2005-லிருந்து மருந்துச் சட்டத்தின் கண்காணிப்பில் இருக்கின்றன. 2018 முதல் மருத்துவக் கருவிகளுக்கென்றே தனி விதிகள் நடப்பில் உள்ளன. அப்படி அனுமதி பெற்ற பொருளின் பெட்டிக்குள் சின்னச் சின்ன ஒட்டுத்தாள்கள் இருக்கும். பொருளின் பெயர், தயாரித்தவர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒன்றை மருத்துவமனைக் கோப்பில் ஒட்டுவார்கள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலும் ஒன்றை ஒட்டித் தரச் சொல்லுங்கள். உள்ளே வைத்தது துகளா, சிமெண்டா, கம்பியா, எந்த உலோகம் என்று ஐந்து வருஷம் கழித்து வேறு ஊர் டாக்டர் கேட்பார். ஸ்கேன் எடுப்பவரும் கேட்பார். எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே என்று பயந்துகொண்டு வருகிறவர்களுக்கும் பதில் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதைக் குடும்ப அட்டை வைக்கிற இடத்திலேயே வையுங்கள்.

இனி நீங்கள் கேட்கலாம். பின்னால் நிற்கிற அம்மா முதலில் கையைத் தூக்கினார்கள், அவர்களிடம் மைக்கைக் கொடுங்கள்.